ஈஸ்ட் ஹாம் தெருவில் வீடு வாங்கலாமா? குற்றம், வறுமை எண்களை எப்படிப் படிப்பது

நீங்கள் கேட்டது இதுதான்: லண்டன் ஈஸ்ட் ஹாமில், ஹை ஸ்ட்ரீட் நார்த்திலிருந்து பிரியும் ஒரு தெருவில் மூன்று படுக்கையறை வீடு பிடித்திருக்கிறது. அதன் போஸ்ட்கோடை இணையத்தில் போட்டுப் பார்த்தால் "குற்றம் அதிகம், வறுமையில் பத்துப் படிகளில் மூன்றாம் படி, பாதிக்கு மேல் வாடகை வீடுகள்" என்று வருகிறது. கணவர் தயங்குகிறார். கோயம்புத்தூரில் அம்மா பயப்படுகிறார். வாங்கலாமா?

வீட்டை நேரில் பார்க்காத நான், வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று வரிகளை எப்படிப் படிப்பது என்று சொல்ல முடியும். இருபது வருடமாக இந்தப் பக்கம்தான் இருக்கிறேன். வாடகைக்கு இருப்பவர்களுக்கு வீட்டுப் பிரச்சினைகளில் ஆலோசனை சொல்வது என் வேலை. இந்த எண்களோடு தினமும் புழங்குகிறவன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு, குற்றம், வறுமை மூன்றையும் ஒரே பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்களே தவிர, அவை ஒரே இடத்தை அளந்தவை அல்ல, ஒரே காலத்தை அளந்தவையும் அல்ல. சேர்த்துப் படித்தால் ஒரு பயங்கரமான தெரு கண்ணில் தெரியும். அந்தத் தெரு எங்கேயும் இல்லை.

அம்மாவின் பயம் குற்றத்தைப் பற்றியது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

தெரு அளவிலான குற்ற வரைபடத்தை இங்கிலாந்து, வேல்ஸ் போலீஸ் 2011 தொடக்கத்தில் வெளியிட்டது. அதிலிருந்து மாதாமாதம் புதுக் கணக்கு வருகிறது. நீங்கள் பார்த்த பக்கமும் அங்கிருந்துதான் எடுத்திருக்கும். அதில் ஒவ்வொரு குற்றத்துக்கும் "இந்தத் தெருவில் அல்லது அருகில்" என்றுதான் போட்டிருக்கும். அந்த "அருகில்" என்ற சொல்லை யாரும் கவனிப்பதில்லை. எந்த வீட்டில் நடந்தது என்று வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, உண்மையான இடத்தை வரைபடத்தில் காட்டுவதில்லை. நாடு முழுவதும் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளை முன்கூட்டியே குறித்து வைத்திருக்கிறார்கள். குற்றம் எங்கே நடந்ததோ அதற்கு மிக அருகில் இருக்கும் புள்ளிக்கு அதை நகர்த்திவிடுவார்கள். பெரும்பாலும் அந்தப் புள்ளி ஒரு தெருவின் நடுவில் இருக்கும். சில புள்ளிகள் பூங்கா, கடை வளாகம் போன்ற பொது இடங்களில் இருக்கும். ஒரு புள்ளியின் எல்லைக்குள் குறைந்தது 8 முகவரிகளாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. ஆக, உங்கள் தெருவின் பெயரில் விழுந்த ஒரு குற்றம் முக்குக்கடையில் நடந்திருக்கலாம், பின்தெருவில் நடந்திருக்கலாம்.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் தெருவின் பெயரில் ஒரே மாதத்தில் முப்பதுக்கும் மேல் காட்டியது. எதிர்வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு வீட்டை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தார். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். முக்கால்வாசி, கடையில் பொருள் திருடியது. தெருமுனையில் ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. அங்கே அப்போதுதான் புதிதாக ஒரு காவலாளி வந்திருந்தார். முன்பு விட்டுவிடுவதையெல்லாம் அவர் போலீஸில் பதிந்துகொண்டிருந்தார். மிச்சத்தில் ஒரு சைக்கிள், உடைத்த கார் கண்ணாடி இரண்டு, சத்தம் போட்டதாகச் சில புகார்கள். முந்தைய மாதத்தில் நாங்கள் எப்படி இருந்தோமோ அப்படியேதான் அந்த மாதமும் இருந்தோம்.

அதனால் மொத்த எண்ணைப் பார்க்காதீர்கள், வகையைப் பாருங்கள். குடித்தனம் நடத்தப் போகிறவருக்கு முக்கியம் வீடு புகுந்து திருடுவது, வாகனத் திருட்டு, வழிப்பறி ஆகிய மூன்றும்தான். பன்னிரண்டு மாதத்துக்கும் எடுத்து, பக்கத்தில் இருக்கும் நான்கைந்து தெருக்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மாதக் கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

"வன்முறை மற்றும் பாலியல் குற்றங்கள்" என்ற வகைதான் பெரும்பாலான இடங்களில் மேலே நிற்கும். பார்த்தவுடன் பகீர் என்கும். அதில் கத்திக்குத்தும் உண்டு. ஆனால் உடலில் காயமே படாத மிரட்டல், தொடர்ந்து தொல்லை கொடுப்பது, தொலைபேசியில் அச்சுறுத்தும் செய்தி அனுப்புவது ஆகியவையும் அதே வகைக்குள்தான் வருகின்றன. கணிசமான பங்கு நான்கு சுவருக்குள், தெரிந்தவர்களுக்கு இடையில் நடப்பது. அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. கதவுக்கு உள்ளே இருக்கும் பெண்ணுக்கு அது உயிர்ப் பிரச்சினை. என் மேசைக்கு எதிரில் அப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன், அவர்களில் நம் பெண்களும் உண்டு. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு ரயிலிறங்கி வீட்டுக்கு நடந்து வரும் உங்களுக்கு அந்தத் தெரு எவ்வளவு ஆபத்து என்பதை அந்த எண் சொல்லாது. இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

பதிவாகும் குற்றம் வேறு, நடக்கும் குற்றம் வேறு என்பதும் இருக்கிறது. போலீஸ் பதிவுகளின் தரம் போதாது என்று 2014-இல் அவற்றுக்கான அதிகாரபூர்வ தேசியப் புள்ளிவிவரத் தகுதியையே நீக்கினார்கள். மக்களை நேரில் கேட்டு எடுக்கும் தனிக் கணக்கெடுப்பு ஒன்று 1980-களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. அதன்படி திருட்டும் வன்முறையும் 1995 வாக்கில் உச்சத்தைத் தொட்டு, அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்திருக்கின்றன. புகாரே கொடுக்காத தெரு, வரைபடத்தில் குற்றமே இல்லாததுபோல் தெரியும். சிலர் வேண்டுமென்றே கொடுக்காமல் இருப்பதும் உண்டு: இங்கே வீட்டை விற்கும்போது அக்கம்பக்கத்தாரோடு தகராறு இருந்ததா என்று படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், விலை இறங்கிவிடுமோ என்று வாயை மூடிக்கொள்வார்கள்.

நம்மவர்களுக்கென்று ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. நம் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று திருடர்களுக்குத் தெரியும். தீபாவளி, கல்யாண சீசனில் போலீஸே எச்சரிக்கை விடுவதுண்டு. இது ஈஸ்ட் ஹாமுக்கு மட்டும் இல்லை, வடமேற்கு லண்டன் ஹாரோவில் பங்களா வாங்கினாலும் இதே கதைதான். நகையை லாக்கரில் வையுங்கள். ஊருக்குப் போகும் படத்தை ஊரிலிருந்து திரும்பிய பிறகு போடுங்கள்.

சரி, இப்போது அந்த "மூன்றாம் படி".

அந்தப் பக்கம் "டெப்ரிவேஷன்" என்று சொல்வதை நாம் வறுமை என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். அது முழுக்கச் சரியில்லை; இல்லாமை என்பது கொஞ்சம் பொருந்தும். இதை அளப்பது தெரு தெருவாக அல்ல. இங்கிலாந்து முழுவதையும் தலா 1,000 முதல் 3,000 பேர் வரை கொண்ட சிறு வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 2025-இல் வந்த கடைசிப் பட்டியலில் 33,755 வட்டாரங்கள். அவற்றை மிக மோசமானதிலிருந்து நல்லது வரை வரிசைப்படுத்தி, பத்துச் சம பங்காக வெட்டினால் கிடைப்பதுதான் படி. மூன்றாம் படி என்றால் இங்கிலாந்தில் 20 முதல் 30 சதவீத வட்டாரங்கள் உங்களைவிட மோசமான இடத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். உங்கள் தெருவோடு அடுத்தடுத்த தெருக்களும், ஒருவேளை ஒரு பெரிய அடுக்குமாடித் தொகுதியும் சேர்ந்ததுதான் அந்த வட்டாரம். அதில் இருக்கும் எல்லோரும் ஏழை என்று அர்த்தமில்லை. தெருவின் ஒரு பக்கம் ஒரு வட்டாரத்திலும் எதிர்ப்பக்கம் அடுத்த வட்டாரத்திலும் விழுவது சாதாரணம். ஒரே தெருவில் பால்காரர் கதவைத் தட்டிக்கொண்டே போகும்போது எல்லை மாறிவிடும்.

அந்த மதிப்பெண்ணில் எது எவ்வளவு என்பது இன்னும் முக்கியம். வருமானத்துக்கு 22.5 சதவீதம், வேலைக்கு 22.5, கல்விக்கும் உடல்நலத்துக்கும் ஆளுக்கு 13.5. குற்றம், வீடு மற்றும் சேவைகள் கிடைப்பதில் உள்ள தடை, சுற்றுப்புறம் ஆகிய மூன்றுக்கும் தலைக்கு 9.3 சதவீதம்தான். ஆகவே "மூன்றாம் படி" என்பதைக் கேட்டு அம்மா இருட்டில் யாரோ நிற்பதாக நினைத்துக்கொள்கிறாரே, அந்த எண்ணில் குற்றத்தின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. பெரும்பங்கு, கூலி குறைவாக இருப்பவர்கள், வேலைக்குப் போக முடியாதவர்கள், நோயாளிகள் எத்தனை பேர் என்பது. அது ஆபத்தின் கணக்கு அல்ல, கஷ்டத்தின் கணக்கு.

2025 பட்டியலில் ஒரு மாற்றம் செய்தார்கள், எனக்கு அது மிகச் சரியென்று படுகிறது. வருமானத்தைப் பார்க்கும்போது வீட்டுச் செலவைக் கழித்துவிட்டுக் கையில் மிஞ்சுவதை எடுத்துக்கொண்டார்கள். உடனே லண்டனின் பல பகுதிகள் பட்டியலில் முன்பைவிட மோசமான இடத்துக்குப் போயின. அங்கிருக்கும் மனிதர்கள் மாறவில்லை. சம்பாதித்ததில் பாதி வாடகைக்குப் போவது இப்போதுதான் கணக்கில் ஏறியது.

தெருவுக்கு ஒரு மதிப்பெண் போடும் இந்தப் பழக்கம் லண்டனுக்குப் புதிதல்ல. கப்பல் முதலாளியான சார்லஸ் பூத் 1886-இல் லண்டன் ஏழைகளைப் பற்றிய ஓர் ஆய்வைத் தொடங்கினார். 1889-இல் முதல் வரைபடம் வந்தது. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நிறம்: பணக்காரர்களுக்கு மஞ்சள், அப்புறம் சிவப்பு, இளஞ்சிவப்பு, ஊதா, வெளிர்நீலம், கருநீலம் என்று இறங்கி, கடைசியில் கறுப்பு. கறுப்புக்கு அவர் எழுதிய விளக்கம் "மிகத் தாழ்ந்த வகுப்பு, தீய குணமுள்ளவர்கள், பாதிக் குற்றவாளிகள்" என்ற பொருளில் இருக்கும். பத்து வருடம் கழித்து வரைபடத்தைத் திருத்தியபோது, அவருடைய ஆட்கள் அந்தந்தப் பகுதிப் போலீஸ்காரரோடு தெரு தெருவாக நடந்து போய்க் குறிப்பெடுத்தார்கள். குற்றமும் இல்லாமையும் ஒரே நிறத்தில் கலந்தது இப்படித்தான். இத்தனைக்கும் பூத்தின் சொந்தக் கணக்கே வேறு விதமாகச் சொன்னது. லண்டனில் 30.7 சதவீதம் பேர் வறுமையில் இருப்பதாகவும், அதற்கு முதற்காரணம் நிரந்தரமில்லாத வேலையும் போதாத கூலியும்தான், குடி சிறு பங்குதான் என்றும் அவர் கண்டார். அந்த முடிவு பல பக்கங்களுக்குள் புதைந்துகொண்டது. கறுப்பு நிறம்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது.

அந்தக் கறுப்பில் ஒன்று கிழக்கு லண்டன் ஷோர்டிச்சில் இருந்த ஓல்ட் நிக்கல் குடியிருப்பு. 1890-களில் அதை இடித்தார்கள். 5,719 பேர் இடம் பெயர்ந்தார்கள். அதே இடத்தில் கட்டிய பவுண்டரி எஸ்டேட் 1900-இல் திறக்கப்பட்டபோது, பழைய குடித்தனக்காரர்களில் 11 பேருக்குத்தான் அங்கே வீடு கிடைத்ததாகக் கணக்கு. புது வாடகை அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. மற்றவர்கள் பக்கத்துத் தெருக்களில் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டிருந்த அறைகளுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். இடித்த கல்லையும் மண்ணையும் நடுவில் குவித்து, மேலே ஒரு மண்டபம் கட்டினார்கள். ஆர்னால்ட் சர்க்கஸ் என்ற அந்த மேட்டில் இன்றும் போய் உட்காரலாம். வரைபடத்தில் நிறம் மாறியது. மனிதர்களின் நிலைமை இரண்டு தெரு தள்ளிப் போனது.

நீங்கள் பார்க்கும் தெருவுக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. ஈஸ்ட் ஹாம் 1965 வரை எசெக்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1880-கள் வரை பெரும்பகுதி வயல். பெக்டன் எரிவாயு ஆலையும் தேம்ஸ் கரைத் துறைமுகங்களும் வளர வளர, அங்கே வேலை பார்த்தவர்களுக்காகவும் நகரத்துக்கு ரயிலில் போன குமாஸ்தாக்களுக்காகவும் முப்பது வருடத்துக்குள் வரிசை வரிசையாகக் கட்டித் தள்ளினார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்ற கணக்கில் கட்டியவை. துறைமுகம் மூடிய பிறகு வேலை போனது. வீடுகள் அப்படியே நின்றன. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் இந்தத் தெருக்களில் குடியேறி, ஹை ஸ்ட்ரீட் நார்த்தைக் கடைத்தெருவாகவும் மேனர் பார்க் முருகன் கோயிலைச் சுற்றி ஓர் ஊராகவும் ஆக்கினார்கள்.

நான் வந்து இறங்கியதும் அப்படி ஒரு வீட்டில்தான். மூன்று படுக்கையறை வீட்டில் முன்னறை, கூடம், மாடி எல்லாவற்றையும் தடுத்து ஆறு அறை. என் அறையில் மூன்று பேர். சாவி போட்டு முன்பணம் ஏற்றும் மின்சார மீட்டர்; ஞாயிற்றுக்கிழமை இரவு காசு தீர்ந்தால் திங்கள் காலை வரை இருட்டு. என் தலைமாட்டுச் சுவரில் கறுப்புப் பூஞ்சை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பிளீச் போட்டுத் துடைப்பேன், அடுத்த சனிக்கிழமை அதே இடத்தில் அதே வடிவத்தில் வந்து நிற்கும். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, பிடிக்கவில்லையென்றால் காலி பண்ணலாம் என்றார். நாங்கள் ஆறு அறையிலும் இருந்தவர்கள் எல்லோரும் வேலை பார்த்தவர்கள். இரவு ஷிப்ட் பெட்ரோல் பங்க், முதியோர் இல்லம், கிடங்கு. எண்களைப் பொறுத்தவரை நாங்கள்தான் அந்தத் தெருவின் இல்லாமை.

அதனால்தான் "பாதிக்கு மேல் வாடகை வீடுகள்" என்ற மூன்றாவது வரியை நான் மற்ற இரண்டையும்விடக் கவனமாகப் படிக்கச் சொல்கிறேன். வாடகைக்காரர் இருப்பது குறையே இல்லை. "கவுன்சில் ஆட்கள் இருக்கிற ஏரியா" என்று நம் ஆட்கள் முகம் சுளிப்பதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். கவுன்சில் வீட்டில், அதாவது உள்ளாட்சி வாடகைக்கு விடும் வீட்டில், இருபது வருடம் இருப்பவர் அந்தத் தெருவின் ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சிக்கல் அடிக்கடி ஆள் மாறுவதில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை காலி பண்ண வேண்டிய குடும்பம் யாரோடும் பழக முடியாது, குப்பைத் தொட்டி எந்த நாள் எடுப்பார்கள் என்று கற்றுக்கொள்வதற்குள் போய்விடும். வீடில்லாமல் கவுன்சில் தற்காலிக இடத்தில் தங்கவைத்திருக்கும் குடும்பங்கள் இங்கிலாந்திலேயே மிக அதிகமாக இருக்கும் பகுதிகளில், ஈஸ்ட் ஹாம் அடங்கிய நம் நியூஹாம் ஒன்று. காரணம் சொல்லாமல் காலி பண்ணச் சொல்லும் உரிமையை 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் எடுத்துவிட்டது, 2026 மே 1 முதல் அது நடைமுறை. இதற்காகப் பலர் வருடக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். தெருக்களின் முகத்தை இது மெதுவாக மாற்றும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வீடு பார்க்கப் போகும்போது கதவுகளைப் பாருங்கள். ஒரே கதவில் நான்கைந்து அழைப்பு மணி, முன்னால் மூன்று நான்கு பெரிய குப்பைத் தொட்டி, மழையில் ஊறிய மெத்தை ஒன்று, முன்னறை ஜன்னலில் திரைக்குப் பதிலாகப் போர்வை இருந்தால் அது அறை அறையாக விட்ட வீடு. தெருவில் அப்படி இரண்டு மூன்று என்றால் லண்டனில் எங்கும் உள்ளதுதான். நீங்கள் வாங்கும் வீட்டுக்கு இருபக்கமும் அப்படி என்றால் சுவர் வழியாகச் சத்தமும் ஈரமும் வரும், அதற்குத் தகுந்தபடி விலை பேசுங்கள். நியூஹாமில் தனியார் வாடகை வீட்டுக்கு உரிமம் கட்டாயம் என்று 2013-இல் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ முழுப் பகுதிக்கும் இப்படிச் செய்ததில் இங்கிலாந்தில் அதுதான் முதல். உரிமப் பதிவேட்டைப் பொதுமக்கள் பார்க்கலாம். பக்கத்து வீடு வாடகைக்கு விட்டதாகத் தெரிந்தும் பதிவேட்டில் இல்லையென்றால் அது ஒரு செய்தி.

கவுன்சில் வரிப் பிரிவை வைத்து வீட்டை எடைபோட வேண்டாம்; அது 1991 ஏப்ரல் 1-ஆம் தேதி விலையை வைத்துப் போட்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு முறை, வெள்ளி இரவு பத்து மணிக்கு ஒரு முறை, ஞாயிறு மதியம் ஒரு முறை போங்கள். முக்குக்கடையில் பால் வாங்கிக்கொண்டு, எத்தனை வருடமாகக் கடை வைத்திருக்கிறீர்கள் என்று பேச்சைத் தொடங்குங்கள், மற்றதை அவரே சொல்வார். விலை பேசும் முன்பே அந்த முகவரிக்கு வீட்டுக் காப்பீடு எவ்வளவு என்று இரண்டு கம்பெனியில் கேளுங்கள். திருட்டைப் பற்றி அவர்கள் பணம் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள். விற்பவர் கொடுக்கும் படிவத்தில் அக்கம்பக்கத் தகராறு பற்றிய பதிலை வக்கீலிடம் விடாமல் நீங்களே படியுங்கள்.

தெருவில் நடக்கும்போது வாசலில் யாராவது வயதானவர் நின்றுகொண்டிருந்தால் ஒரு வணக்கம் சொல்லுங்கள். எங்கள் தெருவில் அப்படி ஒரு ஜமைக்கா பாட்டி இருந்தார். நான் அந்தப் பூஞ்சை அறையில் இருந்த காலத்தில், கவுன்சிலின் சுகாதார அதிகாரியிடம் போ, வீட்டுக்காரரிடம் கெஞ்சாதே என்று எண்ணை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அதிகாரி வந்து பார்த்தார், மூன்றாம் வாரம் சுவரை உடைத்து ஒழுகும் குழாயை மாற்றினார்கள்.